லயத்துக்கு ஒரு பஞ்சுக் கூரை

அமுதவள்ளி இன்ஜினியர் என்று கேட்டால் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. பஞ்சுக்கார அமுதா என்று கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் துணி சம்பந்தமான இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் கார் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுக்கிற இடத்தில் நல்ல வேலையில் இருந்தவள். அவள் ஊர் திரும்பி, குரங்கணி ரோட்டில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, இலவம்பஞ்சுப் பட்டறைகளில் கூட்டித் தள்ளுகிற குப்பைப் பஞ்சை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தபோது போடி என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் பேசினேன். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

என் பெயர் பாண்டியராஜன். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன்னால் கிளம்பி, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளாப் பக்கம் பூப்பாறையைத் தாண்டி ஆட்களை இறக்கிவிட வேண்டும். அப்படி நான் போகிற ஒரு தோட்டத்து லயத்தில்தான் அமுதாவின் அம்மா குருவம்மாள் இருந்தார். லயம் என்றால் தோட்டத்து முதலாளி கட்டிப் போட்ட வரிசை வீடுகள். எட்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டில் இருமினால் எட்டாவது வீட்டில் யார் இருமுகிறார் என்று தெரியும்.

குருவம்மாளுக்கு இளைப்பு இருந்தது. புருசன் போன பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. ஏலக்காய் பறிக்க முடியாமல் போனதும் தோட்டத்து ஸ்டோரில் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மகள் சென்னைக்குக் கூட்டிப் போய் ஐந்தாவது மாடியில் வைத்துப் பார்த்தாள். ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நான்தான் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏற்றிப் போனேன்.

"என்னக்கா, மெட்ராஸ் கசந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"வீடெல்லாம் அரமணைதான்டா. கதவைச் சாத்திக்கிட்டா மனுச வாடையே இல்ல. நானா சுவத்தோட பேசிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.

அவருக்குச் சோறில்லாமல் ஒரு நாள் ஓடும், பேச ஆளில்லாமல் ஓடாது. சாயங்காலமானால் லயத்துப் பெண்கள் எல்லாம் அவர் வீட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பால் இல்லாத கட்டஞ்சாயா ஓடிக்கொண்டே இருக்கும். கங்காணி முதல் கேரளா கவர்மெண்டு வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் திட்டு வாங்குவார்கள்.

அமுதாவின் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தமும் சூடும் குறைகிறது இல்லையா, அதற்குக் காரணம் கூரைக்கும் தரைக்கும் அடியில் ஒட்டியிருக்கிற கனமான கம்பளம் மாதிரி ஒரு அட்டை. அந்த அட்டையைத் தையல் கடை வெட்டுத் துணியிலிருந்தும், கிழிந்த பேண்ட்டுகளிலிருந்தும் செய்வதுதான் அவள் வேலை. அடுத்து தேங்காய் நார், வாழை நார் என்று எது குப்பைக்குப் போகிறதோ அதை எல்லாம் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். பத்து வருசத்துக்கு மேல் அந்தக் கம்பெனியில் இருந்தாள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

ஒரு பொங்கலுக்கு அம்மாவோடு லயத்தில் தங்கினாள். தை மாதக் குளிர் எங்கள் மலையில் சாதாரணமாக இருக்காது. வீட்டுக்குள் விடுகிற மூச்சும் அடுப்பு ஆவியும் மேலே போய்த் தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, விடியும்போது மழை மாதிரி சொட்டும். நனைந்த போர்வைக்குள் அம்மா மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கீழே இறங்கினாள். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள், மலையடிவாரத்து முந்தலில்தான் வாயைத் திறந்தாள்.

"கார்ல போறவனுக்குச் சூடு தெரியாம இருக்க இத்தன வருசம் சோலி பாத்திருக்கேண்ணே. எங்கம்மா தலைக்கு மேல வெறும் தகரம்."

அதற்கடுத்த சில மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

இலவம்பஞ்சு ஏன் என்று கேட்டேன். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு கைப்பிடி பஞ்சைப் போட்டு அமுக்கிக் காட்டினாள். கையை எடுத்ததும் மேலே வந்து மிதந்தது. உதறினால் காய்ந்த பஞ்சு. இழைக்கு உள்ளே காற்று, வெளியே மெழுகு, அதனால் குளிரும் ஏறாது, ஈரமும் ஒட்டாது என்றாள். பிறந்ததிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணையில் தலை வைத்துப் படுக்கிறேன், எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன கிழித்திருப்பேன்.

மூடிப்போன ஒரு மில்லிலிருந்து பஞ்சைப் பிரிக்கிற பழைய மெஷினை வாங்கினாள். சூட்டில் அமுக்குகிற பிரஸ்ஸை போடியில் ஒரு லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்தாள். பஞ்சோடு பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த இழையைக் கலந்து சூட்டில் அமுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பலகையாகும். நெருப்புப் பிடிக்காமல் இருக்க வெண்காரத் தண்ணீர். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. முதலில் செய்தது தொட்டதும் உதிர்ந்தது. அடுத்தது கருகி நாறியது. அதற்கடுத்த பலகை எலிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய் அதிலேயே குட்டி போட்டுவிட்டன. "சந்தோசப்படு, முதல் கஸ்டமர் வந்தாச்சு" என்றேன். சிரித்தாள். ஆனால் கண்ணெல்லாம் பஞ்சுத் தூசியில் சிவந்து வீங்கியிருந்ததைப் பார்த்து எனக்குத்தான் ஒரு மாதிரியாகிவிட்டது.

கடைசியில் பலகை சரியாக வந்தது. அம்மா வீட்டுக் கூரையில் பாதிக்கு மட்டும் தகரத்துக்கு அடியில் அடித்தாள். மீதிப் பாதியை அப்படியே விட்டாள். சோதனையாம். ஒரு வாரம் கழித்து நாங்கள் போனபோது குருவம்மாள் கட்டிலை, அடுப்பை, அரிசிப் பானையை, சாமி படத்தை எல்லாம் பலகை இருந்த பக்கத்துக்கு நகர்த்திவிட்டு, இன்னொரு பாதியைக் காலியாகப் போட்டிருந்தார்.

"மெஷின் வச்செல்லாம் அளக்க வேணாம் போலயே தாயி" என்றேன். அமுதா திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் எட்டு வீட்டுக்கும் பலகை அடித்தாகிவிட்டது. எல்லாம் என் ஜீப்பில் ஏறிய லோடுதான். முதலாளி தனக்குச் செலவில்லை என்றதும் தாராளமாகச் சம்மதித்தார். அந்த வருசம் லயத்தில் சொட்டு விழவில்லை. குருவம்மாள் மருந்தை உறிஞ்சுகிற பம்பைத் தேடுவது குறைந்தது. பெண்கள் கூடுதல் நேரம் உட்கார்ந்து கூடுதலாகத் திட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்து லயங்களிலிருந்தும் பலகை கேட்டார்கள். அமுதாவை நான் அவ்வளவு சந்தோசமாகப் பார்த்தது அந்த ஒரு வருசம்தான்.

ஒரு விசயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பட்டறைக் கழிவு வருசம் பூராவும் கிடைக்காது. இலவங்காய் வெடிக்கிற சித்திரையை ஒட்டித்தான் வரத்து. அதனால் அமுதா பழைய மெத்தைகளுக்குப் போனாள். பழைய சாமான் எடுக்கிற சீனிச்சாமி என்பவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து போடுவார். வீடு மாற்றுகிறவர்கள் போடுவது கொஞ்சம், மெத்தைக் கடையில் பஞ்சு மாற்றும்போது கழிப்பது கொஞ்சம். மிச்சம் சுடுகாட்டு ரோட்டோரத்தில் கிடப்பது. எங்கள் பக்கம் ஒருத்தர் இறந்துபோனால் அவர் படுத்திருந்த மெத்தை, தலையணை, பாய் எதையும் வீட்டில் வைக்க மாட்டோம். பாடை போகிற வழியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். அதை யாரும் தொடுவதில்லை, சீனிச்சாமியைத் தவிர.

அவர் மறைக்கவில்லை. எங்கிருந்து எடுக்கிறேன் என்று அமுதாவிடம் சொல்லித்தான் போட்டார். அவள் உறையைக் கிழித்து எரித்துவிட்டு, பஞ்சைப் பாறையில் வெயிலில் காயவைத்து, கொதிக்கிற சூட்டில் போட்டு எடுத்தாள். "இதுக்கப்புறம் அதுல ஒண்ணும் இருக்காதுண்ணே, பஞ்சு மட்டுந்தான் இருக்கும்" என்பாள். போடியில் இது பாதிப் பேருக்குத் தெரியும். மலையில் யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை.

தேனிப் பக்கம் ஒரு காலேஜில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். போனாள். அவள் இருந்த தொழிலில் எவ்வளவு கேவலமான குப்பையிலிருந்து செய்கிறாயோ அவ்வளவு பெருமை. சென்னையில் அப்படிச் சொல்லித்தான் பத்து வருசமாகக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். அதே பழக்கத்தில், மேடையில் பெரிய திரையில் சுடுகாட்டு ரோட்டு மெத்தைக் குவியலைப் போட்டுக் காட்டி, "நீங்க தொடவே பயப்படுற இதுலேருந்துதான் மலையில எட்டு வீட்டுக்குக் கூரை போட்டிருக்கேன், எங்க அம்மா வீடும் அதுல ஒண்ணு" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருத்தன் அதைப் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். மறுநாள் விடியற்காலை, என் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களின் போனில் அமுதாவின் குரல் கேட்டது. மெட்டு ஏறுகிற வரைக்கும் திரும்பத் திரும்ப அதையே ஓடவிட்டார்கள். படித்த பிள்ளை இப்படிப் பச்சைப்பிள்ளையாக இருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

நான் அன்றைக்குச் சாயங்காலம் ஆள் ஏற்றப் போனபோது பலகைகளைப் பிடுங்கி லயத்துக்குப் பின்னால் சரிவில் எறிந்துகொண்டிருந்தார்கள். ஏழு வீட்டுப் பலகையும் ஏலச்செடிகளுக்கு நடுவே கிடந்தது. சாரல் வேறு.

அமுதாவுக்கு நான்தான் போன் போட்டேன். மறுநாள் என் ஜீப்பிலேயே வந்தாள். லயத்து முற்றத்தில் நின்று, எத்தனை டிகிரி சூடு, எந்தக் கிருமி சாகும், ஆஸ்பத்திரித் துணியையே எப்படித் துவைத்துத் திரும்பப் போடுகிறார்கள் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். அவள் முடித்ததும் பக்கத்து வீட்டுத் தேவி முன்னால் வந்தாள். தேவியின் மாமியார் முந்தின வருசம் போடி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இறந்துபோனவர். அவர் மெத்தையையும் அதே ரோட்டில்தான் போட்டார்கள்.

"சூடெல்லாம் எனக்குத் தெரியாது அமுதா. எங்க அத்தை படுத்த மெத்தை இதுல இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

அமுதா நினைத்திருந்தால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சாமி மேல் சத்தியம் செய்தே சொல்லியிருப்பேன்.

"தெரியலக்கா" என்றாள்.

தேவி வீட்டுக்குள் போய்விட்டாள். ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள்.

அதோடு சீனிச்சாமியிடம் மெத்தை வாங்குவதை அமுதா நிறுத்தினாள். பட்டறைப் பஞ்சில் மட்டும் புதிதாகப் பலகை செய்து, மூட்டையைப் பிரிக்கிறதிலிருந்து படம் எடுத்து லயத்துக்கு அனுப்பினாள். ஒருத்தரும் வேண்டும் என்று சொல்லவில்லை. அதே நேரத்தில் பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தது. பாட்டுப் பதிவு செய்கிற இடங்களில் சுவரில் ஒட்டுவதற்குப் பலகை வேண்டுமாம். அவர்களும் அந்தக் காலேஜ் படத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மலையில் எறிந்ததற்கு எது காரணமோ அதுவேதான் அங்கே வாங்கவும் காரணம். எனக்கு இந்த உலகத்தின் மேல் எப்போதுமே பெரிய மரியாதை கிடையாது, அன்றைக்கு மிச்சமிருந்ததும் போனது.

குருவம்மாள் மட்டும் தன் வீட்டுப் பலகையைத் தொட விடவில்லை. "எம்மக செஞ்சது எந்தலைக்கு மேலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். யாரும் சண்டைக்கு வரவில்லை. வருவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கூரைக்கு அடியில் உட்கார ஒருத்திக்கும் மனசு வரவில்லை. சாயங்காலத்தில் அவர் கட்டஞ்சாயா போட்டு வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பெண்கள் தேவி வீட்டுக்குப் போவார்கள். போகிற வழியில் "சாப்ட்டியாக்கா" என்று கேட்பார்கள், நிற்க மாட்டார்கள். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் கொடுத்தார். எனக்கு ஆட்களை ஏற்றுகிற நேரம். நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.

அமுதா ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வந்துகொண்டிருந்தாள். பெங்களூர் வேலை நெருக்கியதும் வருவது நின்று, போனில் பேசுவதாகிவிட்டது. கொட்டகையில் நான் இருக்கும்போதே பேசுவாள். "குளிருதாம்மா?" என்பாள். அந்தப் பக்கம் குருவம்மாள் குரல் கணீரென்று கேட்கும். "எனக்கென்ன ஆத்தா, கதகதன்னு கெடக்கேன். ஊரே இங்கதான் உக்காந்திருக்கு. நீ வேலையப் பாரு." பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்கும். அமுதா முகம் தெளிந்துவிடும். சாயங்காலத்தில் அவர் வீட்டில் கூட்டம் இருப்பதை நானும் ஜீப்பிலிருந்தே பார்த்திருந்தேன், உள்ளே போய்ப் பார்த்ததில்லை; மறுபடியும் வர ஆரம்பித்துவிட்டார்கள், நல்லது என்று நினைத்தேன்.

மார்கழி கடைசியில், விடிந்தும் விடியாமலும் நான் ஆட்களை இறக்கியபோது தேவி ஜீப்பை நோக்கி ஓடி வந்தாள். குருவம்மாள் மூச்சடைத்து இறந்துவிட்டார். போனில் சொல்ல மனமில்லாமல், அம்மாவுக்கு முடியவில்லை என்று மட்டும் சொல்லி, கீழே போய் அமுதாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்குள் போனவள் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்தாள். பலகை இல்லை. வெறும் தகரம். தகரத்திலிருந்து ஒரு சொட்டு அம்மாவின் போர்வை மேல் விழுந்தது. அமுதா சட்டென்று உள்ளங்கையை அந்த இடத்துக்கு மேலே நீட்டினாள். அடுத்த சொட்டு அவள் கையில் விழுந்தது. அப்படியே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு கழட்டினா?"

தேவிதான் அழுதுகொண்டே சொன்னாள். "நாங்க யாரும் சொல்லல அமுதா. கார்த்திகையில அவங்களே ஆள விட்டுக் கழட்டிட்டாங்க. 'குளிரத் தாங்கிக்கிருவேன்டி, இந்த வெறும் வீட்டத் தாங்க முடியல, எல்லாரும் வாங்க'ன்னு வீடு வீடா வந்து கூப்பிட்டாங்க. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. அப்புறம் நாங்க ஒருநாள்கூட வராம இருந்ததில்ல. நேத்து ராத்திரியும் எங்கிட்டப் பேசிச் சிரிச்சிட்டுத்தான் படுத்தாங்க."

அதைக் கேட்டு எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. குருவம்மாள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

உடலைப் போடியில் அமுதாவின் தாய்மாமன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவர் படுத்திருந்த மெத்தையையும் தலையணையையும் லயத்தில் விடாமல் சுருட்டி என் ஜீப்பின் மேல் கட்டினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டார்கள். மெத்தையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பியபோது அமுதா வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பெண்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று மாமன் சத்தம் போட்டார். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

சுடுகாட்டு ரோட்டில் எப்போதும் போடுகிற இடத்தில் நிறுத்தி, மெத்தையை அவிழ்த்து ஓரத்தில் வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அமுதா கீழே இறங்கி மெத்தைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் சீனிச்சாமி தள்ளுவண்டியோடு அந்த வழியாக வந்தார். அவருக்கு விசயம் தெரியும். வண்டியை நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை மரியாதைக்கு இடுப்பில் கட்டினார்.

"நான் எடுக்க மாட்டேந்தாயி. அம்மாவோடதுன்னு தெரியும்" என்றார்.

"நீங்க எடுக்க மாட்டீங்க. தெரியாதவன் எவனாவது எடுப்பான்" என்றாள். என்னிடம் தீப்பெட்டி கேட்டாள்.

வெண்காரம் படாத பஞ்சு. வைத்ததும் பற்றிக்கொண்டது. பஞ்சில் ஒரு பொட்டுக்கூட மிச்சம் வைக்காமல், வெளியே சிதறியதை எல்லாம் கையாலேயே பொறுக்கி உள்ளே தள்ளினாள். விரல் சுட்டிருக்கும். "விடு அமுதா, போதும்" என்றேன். விடவில்லை. குப்பை என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது என்று எனக்கே எத்தனையோ தடவை பாடம் எடுத்தவள், எல்லாம் சாம்பலாகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"தேவியக்கா கேட்டப்ப, எங்க அத்தை படுத்த மெத்தைன்னுதான் கேட்டுச்சு. நான் கிருமியப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேண்ணே."

நான் வண்டியை எடுத்தேன். மாமன் வீடு வரைக்கும் அவள் கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டே வந்தாள். விரல் நுனியெல்லாம் கொப்புளித்திருந்தது.